எலும்பில் கேட்ட கேள்விகள்

இன்று காலை பல் மருத்துவரிடம் போயிருந்தேன். நாம் வழக்கமாகப் போகும் அதே இடம்தான். கீழ்த்தாடையில் கடைவாய்ப் பல். ஊசி போட்டு, மரத்துப் போகும்வரை காத்திருந்து, டாக்டர் துளைக்க ஆரம்பித்தார். சற்று நேரத்தில் அந்த வாசனை வந்தது. பல் சூடாகிக் கருகும் வாசனை. எலும்பு தீய்கிற வாசனை என்றே சொல்லலாம்.

கண்ணை மூடியிருந்தேன். உன் குரல் கேட்டது. "அரசனுக்குப் பல்வலி வந்துருச்சு. என்ன பண்ணியிருப்பான், சொல்லுங்க பாக்கலாம்?" மியூசியத்தில் குழந்தைகளிடம் இதை ஆங்கிலத்தில்தான் சொல்வாய். ஆனால் முதல் தடவை சொல்வதற்கு முந்தின நாள் என்னைச் சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்து ஒத்திகை பார்த்தபோது தமிழில் சொன்னாய். எனக்கு நினைவில் நின்றது அதுதான்.

டாக்டர் துளைப்பதை நிறுத்திவிட்டு, "வலிக்கிறதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். இல்லை என்று தலையசைத்தேன். "ஏதாவது தெரிந்தால் கையைத் தூக்குங்கள்" என்றார். ஒன்றும் தெரியவில்லை. நீ போனதிலிருந்து யார் விசாரித்தாலும் நான் சொல்வது அதைத்தான். ஒன்றும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து காபி போட்டேன். உதடு கோணிக்கொண்டதால் பாதி சட்டையில் கொட்டியது. துடைத்துவிட்டு, அதே மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஆபீசுக்கு இன்று லீவு சொல்லிவிட்டேன். வெளியே வெயில் நன்றாக இருக்கிறது. இந்த மான்மவுத் ஜங்ஷன் ஊரில் எல்லார் வீட்டுப் புல்லையும் ஒரே நாளில் வெட்டுகிறார்கள் போலிருக்கிறது, நாலா பக்கமும் மெஷின் சத்தம்.

நீ எப்படிச் சீன வரலாற்றுக்குள் போனாய் என்று நம் ஊரில் எல்லாரும் கேட்பார்கள். உன் அண்ணன் திருப்பூரிலிருந்து போன் செய்யும்போதெல்லாம், "சைனாக்காரிகிட்டக் குடு" என்பார். நான் பதில் சொன்னதில்லை. ஏனென்றால் அது தொடங்கிய நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, அதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

அப்போது நீ வேலைக்குப் போக அனுமதியில்லாத விசாவில் இருந்தாய். கோபிசெட்டிபாளையத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தாவரவியல் எடுத்தவள், இங்கே நம் அனுவை ஸ்கூல் பஸ்ஸில் ஏற்றிவிட்டு நாள் முழுக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அனுவின் வகுப்பை மியூசியத்துக்கு அழைத்துப் போகிறார்கள், கூட வரப் பெற்றோர் வேண்டும் என்றதும் போனாய். நான் ஜெர்சி சிட்டியில் மீட்டிங்கில் இருந்தேன். போன் அடித்தது. அனுவுக்கு என்னவோ என்று பதறி வெளியே வந்து எடுத்தேன்.

"ஏனுங்க, இங்க தினை வெச்சிருக்காங்க!"

"என்னது?"

"தினைங்க. நம்ம தினை. கண்ணாடிப் பொட்டிக்குள்ள. கருகிப் போயிருக்குது, ஆனா தினைதான். பாத்தாலே எனக்குத் தெரியாதா? சைனாவுல வெளஞ்சதாமா. ஆயிரக்கணக்கான வருசம் ஆச்சாமா. அங்கதான் மொதமொதல்ல இதைப் பயிர் பண்ணிருக்காங்கன்னு எழுதி வெச்சிருக்குது."

"சரி, அனு எங்கே?"

"இங்கதான் இருக்கறா. வள்ளி காவல் காத்தாளே, அந்தத் தினைங்க. அது சைனாவுல இருந்து நடந்து வந்திருக்குது பாருங்க."

அன்று மாலை நான் வரும்போது நீ நூலகத்திலிருந்து புத்தகங்களோடு திரும்பியிருந்தாய். குழம்பு வைக்கவில்லை. தயிரும் ஊறுகாயும் வைத்துக்கொண்டு மூன்று பேரும் சாப்பிட்டோம். நீ பேசிக்கொண்டே இருந்தாய். அந்த வீட்டில் உன் குரல் அவ்வளவு நேரம் தொடர்ந்து கேட்டது அதுதான் முதல் தடவை.

பிறகு அது நிற்கவே இல்லை. காற்று கொண்டுவந்து மலை மலையாகக் குவித்த மஞ்சள் மண்ணைப் பற்றிச் சொன்னாய். அந்த மண்ணைக் கரைத்துக்கொண்டு போவதால் நதிக்கே மஞ்சள் நிறம் என்றாய். அந்த நதி கரை புரண்டு திசை மாறி ஊர்களை விழுங்கியதைச் சொன்னாய். உள்ளே பொள்ளலான மூன்று கால்களோடு இருக்கும் மண்பானையின் படத்தைக் காட்டி, "தனியா அடுப்புக் கல்லு வேண்டாமுங்க, பானையே நின்னுக்கும். பொம்பள யோசிச்சதுதான் இது, பெட்டு கட்டறேன்" என்றாய். ஒருநாள் நான் சும்மா பேச்சுக்கு, "அப்ப சைனா எங்கதான் ஆரம்பிச்சுது?" என்று கேட்டேன். தோசைக் கரண்டியோடு திரும்பினாய்.

"ஆரம்பம்னு ஒரே எடம் கெடையாதுங்க. வடக்க மஞ்ச மண்ணுல தினை போட்டுட்டு இருந்தாங்க. தெக்க சேத்து நெலத்துல நெல்லு. ஒரு பக்கம் ஜேடுங்கற பச்சைக்கல்லத் தேச்சுட்டு இருந்தாங்க, இன்னொரு பக்கம் மண்ண இடிச்சு இடிச்சு மதிலு கட்டுனாங்க. அங்கங்க அவங்கவங்க அடுப்பு எரிஞ்சுட்டு இருந்துது. ரொம்ப நாளு கழிச்சுத்தான் ஒருத்தர் வீட்டுப் பொகைய இன்னொருத்தர் பாத்திருக்காங்க."

தோசை கருகியது. நீ அதை எனக்கே போட்டாய்.

அந்த மியூசியத்தில் தன்னார்வலர்களாகச் சுற்றிக்காட்டுபவர்களுக்குப் பயிற்சி தருகிறார்கள் என்று தெரிந்ததும் விண்ணப்பித்தாய். சம்பளம் இல்லை, அதனால் விசா பிரச்சினையும் இல்லை. பழைய சீனக் கூடத்தை யாரும் அதிகம் கேட்கவில்லையாம், உனக்குக் கொடுத்துவிட்டார்கள். அனுவுக்குத்தான் அது பிடிக்கவில்லை. அவள் மிடில் ஸ்கூலில் இருந்தாள். "அம்மா, யூ ஆர் நாட் ஈவன் சைனீஸ். இட்ஸ் சோ எம்பாரசிங்" என்றாள். நீ அவள் தட்டில் இன்னொரு கரண்டி சாதம் போட்டு, "நீ படிக்கற அல்ஜீப்ராவுக்கு நீ என்ன சொந்தம்?" என்று கேட்டாய். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உன் முதல் சுற்றுக்கு நான் வந்திருந்தேன். எடிசன் பக்கத்திலிருந்து ஒரு சீனக் குடும்பக் கூட்டம், தாத்தா பாட்டி குழந்தைகள் எல்லாரும். நீ கறுப்புப் பேன்ட், நீலச் சட்டை, காதில் ஜிமிக்கி. மூவாயிரம் வருடங்களுக்கு முந்தைய ஷாங் அரசர்களின் வெண்கலப் பாத்திரங்களின் முன் நின்று ஏதோ ஒரு பெயரைச் சொன்னாய். முன்வரிசையில் நின்ற பெரியவர் கையைத் தூக்கினார். அவர்தான் மிஸ்டர் லியூ. அன்று அவர் யார் என்று நமக்குத் தெரியாது.

"நீங்கள் இந்தியர்தானே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஆமாம்."

"நான் பிறந்தது இந்தப் பாத்திரங்கள் கிடைத்த ஊருக்குப் பக்கத்தில். நீங்கள் சொல்வது பெயரே இல்லை. வேறு ஏதோ சொல்கிறீர்கள். எங்கள் கதையைச் சொல்ல எங்கள் ஆள் ஒருவர் கூடவா இங்கே இல்லை?"

அவருடைய மகள், "அப்பா, ப்ளீஸ்" என்று கையைப் பிடித்து இழுத்தாள். எனக்குக் காது சூடாகிவிட்டது. நீ கோபப்படவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. "நீங்கள் ஒருமுறை சொல்லுங்கள்" என்றாய். அவர் சொன்னார். நீ திருப்பிச் சொன்னாய். தப்பு. மறுபடி சொன்னார், மறுபடி சொன்னாய். நாலைந்து முறை அந்தக் கூட்டத்தின் நடுவே இரண்டு பேரும் மாறி மாறி அந்தப் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தீர்கள். குழந்தைகளும் கூடச் சேர்ந்து சொல்ல ஆரம்பித்தன. கடைசியில் அவர் சரி என்று தலையாட்டினார். உடனே நீ அவரைக் கருகிய தினை இருந்த பெட்டியின் பக்கம் அழைத்துப் போய், "சின்ன வயதில் உடம்பு சரியில்லாவிட்டால் உங்கள் அம்மா என்ன கொடுப்பார்?" என்று கேட்டாய்.

அவர் கண்ணாடிக்குள் பார்த்தார். "இதைத்தான்" என்றார். "இதில் கஞ்சி."

"எங்கள் ஊரிலும்" என்றாய். "நாங்கள் தேன் விட்டுக்கொள்வோம்."

அதற்குப் பிறகு அவர் மாதம் ஒருமுறையாவது தனியாக வந்து உன் சுற்றில் நடப்பார். குறுக்கே பேசுவார், திருத்துவார். நீயும் விடமாட்டாய். "அதை இன்னும் உறுதியாகச் சொல்ல முடியாது, மிஸ்டர் லியூ" என்பாய். எங்கள் வரலாறு ஐயாயிரம் வருடம் என்று அவர் சொன்னால், எதை வைத்து எண்ணுகிறீர்கள், எழுத்தையா, மதிலையா, பானையையா என்று கேட்பாய். வீட்டுக்கு வந்து, "மனுசன் இன்னிக்கும் சண்டைக்கு வந்தாருங்க" என்று சந்தோஷமாகச் சொல்வாய்.

உனக்குப் பிடித்த இடம் எலும்புகள்தான். மாட்டின் தோள்பட்டை எலும்பு, ஆமையின் வயிற்று ஓடு. பின்பக்கம் குழி போட்டு, அதில் சூடு வைத்தால் முன்பக்கம் விரிசல் விடும். அந்த விரிசலைப் படித்து அரசன் பதில் தெரிந்துகொள்வான். கேட்ட கேள்வியைப் பக்கத்திலேயே செதுக்கி வைப்பார்கள். நமக்குக் கிடைத்தவற்றில் சீன எழுத்தின் பெரிய தொடக்கமே அதுதான் என்பாய். மழை வருமா, விளைச்சல் உண்டா, பல்வலி எந்த மூதாதையின் கோபத்தால், அரசிக்குப் பிரசவம் நல்லபடியாக ஆகுமா. ஒவ்வொன்றையும் இரண்டு விதமாகக் கேட்பார்கள். மழை வரும். மழை வராது. "எழுத்துன்னு ஒண்ணைக் கண்டுபுடிச்சதும் மனுசன் மொதல்ல எழுதுனது பயத்தத்தான் பாருங்க" என்றாய் ஒருமுறை. உடனே, "அப்படிச் சொல்லக் கூடாது, வேற எதுல எழுதுனாங்களோ, அதெல்லாம் மக்கிப் போயிருக்கும்" என்று நீயே திருத்திக்கொண்டாய்.

மார்பில் வந்து, சிகிச்சை முடிந்து, போய்விட்டது என்று நாம் நம்பியிருந்த நோய் திரும்பி வந்தபோது எலும்பில் வந்தது. டாக்டர் கணினித் திரையில் உன் எலும்புக்கூட்டைக் காட்டினார். முதுகிலும் இடுப்பிலும் கறுப்புப் புள்ளிகள். அவர் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டிப் படித்தார். நான் அவர் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

திரும்பி வரும்போது ரூட் ஒன் நெடுஞ்சாலையில் டிராபிக். ரொம்ப நேரம் ஊர்ந்துகொண்டிருந்தோம். பிறகு சொன்னாய்.

"ஏனுங்க, நான் ஒண்ணு சொன்னா திட்டக் கூடாது."

"சொல்லு."

"கொணமாகும். கொணமாகாது." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "ரெண்டையும் கேட்டு வெச்சுட்டேன். இனி அது பாடு" என்றாய்.

நான் திட்டவில்லை. முன்னால் இருந்த லாரியின் பின்பக்க விளக்கையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். எனக்குள் ஏதோ அப்போதே அடைத்துக்கொண்டது என்று நினைக்கிறேன்.

உன் கடைசிச் சுற்று ஒரு சனிக்கிழமை. வலிக்கு மாத்திரையைக் கூட்டியிருந்தார்கள். நான் கேன்சல் செய்துவிடலாம் என்றேன். "பாக்க வர்றவங்க பேரு குடுத்தாச்சுங்க, வந்துருவாங்க" என்றாய். அனு கல்லூரியிலிருந்து வந்திருந்தாள். அவளை நீ கூப்பிடவில்லை. காரில் தானாக ஏறி உட்கார்ந்துகொண்டாள். மியூசியத்தில் உனக்கு ஒரு மடக்கு ஸ்டூல் கொடுத்தார்கள். கூட்டம் அதிகம் இல்லை, மிஸ்டர் லியூ இருந்தார். பானை, பச்சைக்கல், வெண்கலம் எல்லாம் சொல்லி முடித்து, ஸ்டூலில் உட்கார்ந்தபடி பிரசவத்துக்கு எலும்பில் கேட்டார்களே, அந்த அரசியின் கதைக்கு வந்தாய். படை நடத்திப் போனவள். அரசனுக்கு முன்னால் இறந்தாள். அவள் கல்லறையை யாரும் தொடாமலே மண் காப்பாற்றி வைத்திருந்தது.

ஆங்கிலத்தில்தான் ஆரம்பித்தாய். இரண்டு வாக்கியம் போயிருக்கும். மூன்றாவது வாக்கியம் தமிழில் வந்தது. நீ கவனிக்கவில்லை. தொடர்ந்து பேசிக்கொண்டே போனாய். கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்தது. மியூசியத்துப் பெண் என்னைப் பார்த்தாள். உன் தோளைத் தொடலாம் என்று நான் ஓர் அடி எடுத்து வைத்தேன். அதற்குள் அனு வந்து உன் பக்கத்தில் நின்றாள்.

"அவ செத்ததுக்கு அப்பறமும் அவன் கேட்டுட்டேதான் இருந்தான்" என்றாய்.

அனு அதை ஆங்கிலத்தில் சொன்னாள்.

"அவ இப்ப யாருகிட்ட இருக்கறா? மேல இருக்கற முன்னோருங்க அவள நல்லா வெச்சிருக்காங்களா? அதையும் எலும்புல கேட்டிருக்கான்."

அனு சொன்னாள். நீ எங்கே நிறுத்தினாயோ அங்கே நிறுத்தினாள். வீட்டில் நீ தமிழில் எது கேட்டாலும் ஆங்கிலத்தில் ஒரு வார்த்தையில் பதில் சொல்லும் பெண். உன் வாயைப் பார்த்து, ஒரு சொல் விடாமல் சொன்னாள்.

"கேள்விக எல்லாம் இருக்குது. பதில் வந்துச்சான்னு நெறைய எடத்துல எழுதியே வைக்கல. ஏன்னு எனக்குத் தெரியல. வந்திருந்தா எழுதியிருப்பான்னு தோணுது."

அதைச் சொல்லும்போது மட்டும் அனுவின் குரல் கொஞ்சம் தடுமாறியது. சொல்லி முடித்தாள். மிஸ்டர் லியூ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அன்று அவர் எதையும் திருத்தவில்லை.

கூட்டம் கலைந்த பிறகுதான் நீ என்னைக் கேட்டாய். "அனு எதுக்குங்க நான் சொன்னதையே திருப்பிச் சொல்லிட்டு நின்னா?" நான், "சும்மா, உனக்கு உதவி" என்றேன். அனு உன் ஸ்டூலை மடக்கிக்கொண்டிருந்தாள். "நல்லா சொன்னீங்கம்மா" என்றாள், தமிழில். நீ அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். பிறகு பாத்ரூம் எந்தப் பக்கம் என்று கேட்டாய், உனக்குத் தெரிந்த இடம்தான்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வீட்டில் நடந்தது. ஹாலில் கட்டில் போட்டார்கள். நர்ஸ் வந்து போனாள். ஒரு மதியம், அனு உனக்கு உதட்டை நனைத்துக்கொண்டிருந்தபோது, போய்விட்டாய். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அனு கூப்பிட்டாள். வந்து பார்த்தேன். கையில் இருந்த துண்டை மடித்து முடித்துவிட்டுத்தான் கீழே வைத்தேன்.

தகனத்தில் என்னை ஒரு பட்டனை அழுத்தச் சொன்னார்கள். அழுத்தினேன். உன் அண்ணன் வீடியோவில் பார்த்து அழுதார். உன் சிநேகிதிகள் அழுதார்கள். மிஸ்டர் லியூ உன் முன்னால் மூன்று தடவை இடுப்பு வரை குனிந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கள் மனைவி சொன்னது பெரும்பாலும் சரிதான்" என்றார். அதற்கு மேல் அவருக்கு ஆங்கிலம் வரவில்லை. எனக்கு ஒன்றும் வரவில்லை. எல்லாரும் சாப்பிட்டார்களா என்று விசாரித்துக்கொண்டிருந்தேன்.

காரியம் முடிந்ததும் வேலைக்குப் போனேன். அதே ரயில், நியூவர்க்கில் இறங்கி மாறி ஜெர்சி சிட்டி. ஆபீசில் எல்லாரும் ஜாக்கிரதையாகப் பேசினார்கள். பழகிய பிறகு சாதாரணமாகப் பேசினார்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது. சமைக்கிறேன். தின்கிறேன். பில் கட்டுகிறேன். உன் துணிகளை அனு எடுத்து வைத்தாள், நான் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தேன். பக்கத்து வீட்டு ஆன்ட்டி, "அழுதுருங்க சார், உள்ளயே வெச்சுக்காதீங்க" என்றார். உள்ளே தேடிப் பார்த்தேன். வைத்துக்கொண்ட மாதிரியும் தெரியவில்லை.

பிறகு ஒருநாள் அனு போன் செய்தாள். "அப்பா, மியூசியம்ல ட்ரெயினிங்கு அப்ளை பண்ணிருக்கேன்."

"எதுக்கு?"

"அம்மாவோட கேலரி. யாரும் எடுக்கலையாம்." பிறகு, "நீங்க ஓகேவா?" என்று கேட்டாள்.

"அது உன் இஷ்டம்மா" என்றேன். அதைவிட நல்லதாக ஏதாவது சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் அதுதான் இருந்தது.

போன சனிக்கிழமை அவளுடைய முதல் சுற்று. போனேன். மிஸ்டர் லியூ வரவில்லை, மூட்டுவலியாம், மகள் மெசேஜ் அனுப்பியிருந்தாள். அனு உன்னைப் போல் தினையில் ஆரம்பிப்பாள் என்று நினைத்திருந்தேன். இல்லை. அரசியின் கல்லறையில் கிடைத்த சோழிகளில் ஆரம்பித்தாள். கடலிலிருந்து அவ்வளவு தூரத்தில் இருந்த ஊருக்கு இவ்வளவு சோழி எப்படி வந்தது, யார் யார் கை மாறி வந்தது என்று கேட்டாள். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். அவள் சிரித்தாள், கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். ஒரு வருடத்தைத் தப்பாகச் சொல்லி, நாக்கைக் கடித்துக்கொண்டு திருத்தினாள். நன்றாகத்தான் செய்தாள். நீ இருந்திருந்தால் வரும் வழியெல்லாம் காரில் அவளைக் கிண்டல் செய்திருப்பாய்.

எனக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். கைக்குட்டைகூட எடுத்து வைத்திருந்தேன். வரவில்லை. கூட்டத்தின் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வெண்கலப் பாத்திரங்களுக்குப் போனபோது தள்ளுவண்டியில் குழந்தையோடு ஓர் இளம் பெண் வந்தாள். கூட்டம் நெருக்கமாக நின்றது. என் வலது பக்கத்தில் மட்டும் இடம் இருந்தது. தூணுக்கும் எனக்கும் நடுவே, சரியாக ஒருவர் நிற்கும் அளவுக்கு. நான் அப்படி விட்டு நின்றிருக்கிறேன் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ரயிலிலும், லிஃப்டிலும், கடையில் பில் போடும் வரிசையிலும் அப்படித்தான் நின்றுகொண்டிருக்கிறேன் போலிருக்கிறது, இத்தனை மாதமாக.

அந்தப் பெண் அந்த இடத்தைக் காட்டி மெதுவான குரலில் கேட்டாள், இங்கே யாராவது இருக்கிறார்களா என்று.

"ஆமாம்" என்றேன்.

அவள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வண்டியை வேறு பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனாள். அனு பேசி முடிக்கும்வரை நான் நகரவில்லை.